தக்காணத்தில் ஒரு ஷோகன்

மாரெட்பள்ளியிலிருந்து ஹைதராபாத் நகருக்குள் செல்லும் நம்மவர்கள் ஹுசேன் சாகர ஏரிக்கரையின் வழியாகச் செல்வது வழக்கம். கோல்கொண்டாவை ஆண்ட இப்ராஹிம் குத்ப் ஷாவின் காலத்தில், 1562-ஆம் ஆண்டை ஒட்டி அந்த ஏரி அமைக்கப்பட்டது. வேலையை முன்னின்று நடத்திய ஹுசேன் ஷா வலி என்ற பெரியாரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஏரியில் நீர் நிரம்பிச் சில வருஷங்கள் ஆகுமுன்னரே அந்த இப்ராஹிம் பெரும்படை ஒன்றுடன் கிருஷ்ணா நதிக்குப் புறப்பட்டார். தாம் நாடிழந்து திரிந்த நாட்களில் ஏழு வருஷம் தம்மை ஆதரித்துச் சோறிட்ட ஒரு கிழவருக்கு எதிராகவே அவர் புறப்பட்டார்.

அந்தக் கிழவர் விஜயநகரத்து அளிய ராமராயர். 'அளிய' என்றால் கன்னடத்தில் மாப்பிள்ளை என்பது பொருள். இருபது வருஷங்களுக்கு மேலாகத் துங்கபத்திரையிலிருந்து கன்னியாகுமரி வரை அவர் வைத்ததே சட்டமாக இருந்தது. எனினும் அரசர் என்ற பெயர் அவருக்கு இல்லை. அரசர் வேறொருவர் இருந்தார். அவர் காவலில் இருந்தார்!

இப்படிப்பட்ட ஆட்சிக்கு நம் நாட்டில் தனிப்பெயர் ஏற்படவில்லை. ஜப்பானியர் அதற்கு ஒரு பெயரை வைத்து, அதை ஒரு பதவியாகவே ஆக்கிவிட்டனர். காட்டு மக்களை அடக்கும் பெருஞ்சேனாதிபதி என்ற பொருள்பட, 'ஷோகன்' என்று அதனை வழங்குவர். 1192-இல் மினாமோட்டோ யோரிட்டோமோ என்னும் வீரர் சக்கரவர்த்தியிடமிருந்து அப்பட்டத்தைப் பெற்றார். அதன் பின்னர் சக்கரவர்த்தி கியோட்டோ நகரில் பூஜைகளையும் சடங்குகளையும் நடத்திக் கொண்டிருப்பார். வரியும் வாளும் ஷோகனிடம் இருக்கும். ஷோகன் எத்தனை வல்லவராயினும் சக்கரவர்த்தியின் ஆசனத்தில் தாமே ஏறி அமர்வதில்லை. பெயர் ஓரிடத்தும் பலம் வேறிடத்தும் இருப்பதை அந்நாட்டார் குற்றமாகக் கருதவில்லை; அதுவே முறை என்று கொண்டனர்.

தக்காணத்திலும் இவ்வழக்கம் புதிதன்று. பீதர் நகரில் பாமினி சுல்தான்களின் கடைசிக் காலத்தில் காசிம் பரீதும் அவர் மகன் அமீர் பரீதும் சுல்தான்களைப் பொம்மைகளாக வைத்து ஆண்டனர். விஜயநகரத்திலேயே, புகழ் பெற்ற கிருஷ்ணதேவராயரின் தந்தையான நரச நாயக்கர், சாளுவ வம்சத்து இளவரசரைப் பெனுகொண்டாவில் இருத்திவிட்டுத் தாமே ஆட்சி புரிந்தார். ஆகவே ராமராயர் பின்னாளில் செய்ததைக் கண்டு அக்காலத்தவர் மலைத்துப் போயிருப்பர் என்று நாம் எண்ண வேண்டுவதில்லை. பாடம் முன்பே எழுதப்பட்டிருந்தது. அதை அவர் மற்றவர்களைவிட நன்றாகப் படித்திருந்தார், அவ்வளவே.

அந்தப் பாடத்தின் முதல் பகுதியை அவர் படித்த இடம் நம் கோல்கொண்டா என்பதுதான் வியப்பு. கோல்கொண்டாவின் முதல் அரசரான சுல்தான் குலி, பாரசீகத்து ஹமதான் ஊரிலிருந்து பிழைப்பைத் தேடி இத்திசைக்கு வந்தவர். ஆரவீடு குடும்பத்தைச் சேர்ந்த இளைஞரான ராமராயர் அவரிடம் உத்தியோகம் பார்த்தார் என்றும், சில பகுதிகளின் நிர்வாகம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்றும் கோல்கொண்டா வரலாறு ஒன்று கூறுகிறது. பீஜப்பூர்ப் படை வந்து அப்பகுதிகளைத் தாக்கியது. ராமராயர் எதிர்த்து நிற்காமல் கோல்கொண்டாவுக்கு ஓடி வந்தார். கோழையென்று இகழ்ந்து சுல்தான் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டாராம். வேலை போன இளைஞர் தெற்கே விஜயநகரம் சென்று கிருஷ்ணதேவராயரிடம் சேர்ந்தார். அவருடைய மகளையும் மணந்தார். இது ராமராயருக்கு வேண்டாதவர்கள் எழுதிய கதை என்பதை நாம் மறக்கலாகாது. ஆனால் சுல்தான்களின் அரண்மனை வழக்கங்களையும் அவர்களுக்குள் இருந்த பொறாமைகளையும் விஜயநகரத்தில் வேறெவரும் அறியாத அளவுக்கு அவர் அறிந்திருந்தமைக்கு, இந்தக் கோல்கொண்டா உத்தியோகம் பொருத்தமான காரணமாகவே தோன்றுகிறது.

1529-இல் கிருஷ்ணதேவராயர் காலமானார். ராமராயர் மறைந்த மன்னரின் கைக்குழந்தை ஒன்றை முன்னிறுத்திப் பார்த்தார், பலிக்கவில்லை. மன்னரின் தம்பி அச்சுதராயர் அரசரானார். மாப்பிள்ளை பதின்மூன்று வருஷம் பொறுத்திருந்தார். 1542-இல் அச்சுதராயர் மறையவே, அவருடைய சிறுவயது மகனை ஆசனத்தில் ஏற்றினர். அச்சிறுவனின் தாய்மாமனே அவனைக் கொன்றுவிட்டு அரியணையைப் பிடித்தான். நகரத்தார் நடுங்கிப் போயினர். அப்போதுதான் ராமராயரும் அவர் தம்பியரான திருமலரும் வேங்கடாத்திரியும், குத்திக் கோட்டையிலிருந்த சதாசிவர் என்ற அரச குலத்து இளைஞரைக் கொணர்ந்து, மாமனை ஒழித்து, அவருக்கு முடி சூட்டினர். முடி சூட்டிய கை பின்னர் அந்த முடியைவிட்டு விலகவே இல்லை.

முதலில் சதாசிவராயருக்குக் காவல் தளர்வாகவே இருந்தது. நாளாக ஆகக் கதவுகள் மூடின. 1567-இல் விஜயநகரத்துக்கு வந்து சில மாதங்கள் தங்கிய வெனிஸ் வியாபாரி சீஸர் பிரெடரிக், மூன்று சகோதரர்களும் உண்மையான அரசரைச் சிறையில் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் குடிகளுக்குக் காட்டி வந்தனர் என்று எழுதியிருக்கிறார். உற்சவ மூர்த்தியைப்போல் வெளியே எழுந்தருளச் செய்து மீண்டும் உள்ளே கொண்டு போய்விடுவார்கள் போலும்!

ஆனால் கல்வெட்டுகளைப் பார்த்தால் இந்தச் சிறைவாசம் எவர் கண்ணுக்கும் தெரியாது. திருமலை திருப்பதியிலும் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றிலும் சதாசிவராயரின் பெயராலேயே சாசனங்கள் உள்ளன. ஸ்ரீபெரும்பூதூரில் உடையவர் சந்நிதிக்குக் கிராமங்கள் பல வழங்கிய 1556-ஆம் வருஷத்துச் செப்பேடு ஒன்று லண்டன் மாநகரத்துப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. அதில் காரியம் நடந்த முறையைக் கவனிக்க வேண்டும். கொண்டராஜர் என்ற தலைவர் ராமராயரிடம் விண்ணப்பித்துக் கொள்கிறார்; ராமராயர் அரசரிடம் விண்ணப்பித்துக் கொள்கிறார்; அரசர் தானம் செய்கிறார். முழு ராஜ்யத்தையும் கைக்குள் வைத்திருந்தவர், காவலில் இருந்தவரிடம் கைகட்டி நின்று விண்ணப்பித்ததாகச் செப்பேடு பேசுகிறது. ஜப்பானியர் இதைப் படித்தால் உடனே புரிந்து கொள்வர்.

ராமராயர் திறமையற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. இசையில் நாட்டமுள்ள நம் அன்பர்கள் அவருக்கு ஒரு கடன் பட்டிருக்கின்றனர். இராமாமாத்தியர் என்ற பேரறிஞர் 1550-இல் 'ஸ்வரமேளகலாநிதி'யை இயற்றியது ராமராயரின் வேண்டுகோளால்தான். இராகங்களை மேளங்களாக வகுத்துக் கூறும் முறையில் அந்நூல் முக்கியமான ஒரு படி. அதே வழியில் தஞ்சையில் வேங்கடமகி எழுபத்திரண்டு மேளங்களை வகுத்தது பதினேழாம் நூற்றாண்டில். 1547-இல் கோவாவின் போர்த்துக்கீசியருடன் உடன்படிக்கை செய்து, அங்கு வந்திறங்கும் அரபிக் குதிரைகள் விஜயநகரத்துக்கே வரும்படி ராமராயர் பார்த்துக் கொண்டார். குதிரை இல்லாமல் அக்காலத்தில் படை இல்லை.

தென்பாண்டி நாட்டுக்கும் அவர் கை நீண்டது. அவருடைய உறவினரான விட்டலரின் தலைமையில் ஒரு சேனை 1544-இல் தெற்கே இறங்கிற்று. முத்துக் குளிக்கும் துறைகளில் வாழ்ந்த பரதவர்கள், வடுகர் படை வருகிறது என்று கேட்டுக் கட்டுமரங்களில் ஏறித் தீவுகளுக்கும் பாறைகளுக்கும் ஓடினர். குமரி முனையில் பசியாலும் தாகத்தாலும் வாடிய அவர்களுக்குத் தோணிகளில் உணவு கொண்டு போக முயன்ற பாதிரியார் ஒருவர் அந்தத் துயரத்தைத் தம் கடிதங்களில் எழுதி வைத்தார். அவரே நம் கடற்கரை மக்கள் இன்றும் போற்றும் சவேரியார். ஐந்து வருஷம் கழித்து, 1549-இல், அவர் ஜப்பானில் போய் இறங்கினார். 1551-இன் தொடக்கத்தில், அந்நாட்டின் பேரரசரைக் கண்டு அனுமதி பெறலாம் என்று பனியில் நடந்து கியோட்டோ சென்றார். அங்கே கண்டதென்ன? போரினால் பாழான நகரம். பேட்டி கொடுக்க இயலாத சக்கரவர்த்தி. ஷோகனோ தலைநகரிலேயே இல்லை, எதிரிகளுக்கு அஞ்சி வெளியூரில் தங்கியிருந்தார். சவேரியார் பதினொரு நாட்களில் திரும்பிவிட்டார். சிம்மாசனத்துக்குப் பின்னால் நின்று ஆளும் முறை ஓங்கி நின்றதையும் உடைந்து கிடந்ததையும் இருவேறு தேசங்களில் அருகிலிருந்து பார்த்தவர் அவரைப்போல் வேறொருவர் இருந்திருப்பாரா என்பது ஐயமே.

இனி நம் ஏரியின் கர்த்தாவுக்கு வருவோம். 1543-இல் முதியவரான சுல்தான் குலி தொழுகையில் இருக்கும்போது கொலையுண்டார். அதற்குத் தூண்டியவர் அவருடைய மகன் ஜம்ஷீதே. இளைய மகனான இப்ராஹிம் உயிருக்கு அஞ்சி முதலில் பீதருக்கும், அங்கும் நிலைக்காமல் விஜயநகரத்துக்கும் ஓடினார். சுல்தான் குலியிடம் வேலை இழந்து அதே பாதையில் தெற்கே போன ராமராயர், அதே சுல்தானின் மகனை வரவேற்று ஜாகீர் கொடுத்து வைத்துக் கொண்டார். அந்த ஜாகீர் அதற்குமுன் அபிசீனியரான அம்பர்கான் என்பவரிடம் இருந்ததாம். இடம் பறிபோன ஆத்திரத்தில் அவர் நடுத்தெருவில் இப்ராஹிமை மறித்து ஏசினாரென்றும், இருவரும் வாளெடுத்துப் பொருததில் அம்பர்கான் மாண்டாரென்றும் பெரிஷ்டா என்ற சரித்திராசிரியர் கூறுகிறார். ஓரிடத்தில் ஒருவனுக்கு இடம் கிடைத்தால் இன்னொருவனுக்கு இடம் போகிறது. அன்னிய ஊரில் பிழைக்க வந்தவர்களுக்குள் நேரும் இச்சண்டை நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னரும் இருந்திருக்கிறது.

இப்ராஹிம் அங்கே ஏழு வருஷம் இருந்தார். தெலுங்கில் அவருக்கு உண்டான பற்று அந்த வாசத்தில் வளர்ந்ததென்பர். 1550-இல் ஜம்ஷீத் இறந்தபின் ராமராயரின் ஆதரவும் தெலுங்குத் தளபதிகளின் துணையும் பெற்றுத் திரும்பி வந்து கோல்கொண்டாவில் முடி சூடினார். அவரது சபையில் தெலுங்குக் கவிகள் இருந்தனர். அத்தங்கி கங்காதர கவி 'தபதீ ஸம்வரணோபாக்யானம்' என்ற காவியத்தை அவருக்கே சமர்ப்பித்தார். கவிகள் அவரை 'மல்கிபராமுடு' என்று தெலுங்குப் பெயராக்கி அழைத்தனர். ஊர்விட்டு ஊர் வந்து அவ்வூரின் மொழியைத் தன் மொழியாக்கிக் கொண்ட ஓர் அரசர்!

ராமராயரின் ராஜதந்திரம் முழுவதும் இத்தகைய உதவிகளால் ஆனது. பீஜப்பூர் சுல்தான் வேலையை விட்டு நீக்கிய மூவாயிரம் வெளிநாட்டு வீரரை அவர் ஒருசேரத் தம் படையில் சேர்த்துக் கொண்டார். அகமத்நகருக்குப் பகையென்று பீஜப்பூருக்கு உதவுவார். பீஜப்பூர் மிஞ்சினால் அகமத்நகரோடு சேருவார். அவருடைய மகன் இறந்தபோது பீஜப்பூரின் இளம் சுல்தான் அலி ஆதில் ஷா தாமே நேரில் வந்து துக்கம் விசாரித்தார். ராமராயரின் மனைவி அவரைத் தம் மகனாகவே ஏற்றுக் கொண்டார். சுல்தான் ஒருவர் இந்து அரண்மனையில் பிள்ளையாகிப் போன அந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கும்போது, பின்னால் நடந்ததை மதச் சண்டை என்று இரண்டு வரியில் எழுதிவிடுவோர்மீது நமக்குச் சற்றுக் கோபமே வருகிறது.

உதவி பெற்றவர்கள் அதற்குக் கொடுத்த விலை நாளுக்கு நாள் ஏறிற்று. தோற்று நின்ற அகமத்நகரின் ஹுசேன் நிஜாம் ஷா சமாதானம் வேண்டியபோது, தம் கூடாரத்துக்கு வந்து தம் கையால் வெற்றிலை பெற வேண்டும் என்பதை ராமராயர் ஒரு நிபந்தனையாக்கினார். ஹுசேன் வந்தார். ராமராயரின் கையைத் தொட்டதும், தீட்டுப்பட்டவரைப்போல் தண்ணீர் கேட்டுக் கையைக் கழுவினார். விருந்தினராக வந்திராவிட்டால் அக்கைகளை வெட்டி அவர் கழுத்திலேயே மாட்டியிருப்பேன் என்று ராமராயர் கன்னடத்தில் முணுமுணுத்துவிட்டுத் தாமும் கையைக் கழுவிக் கொண்டார். பெரிஷ்டா இதைப் பல வருஷங்களுக்குப்பின் பீஜப்பூரில் இருந்து எழுதியவர். கொஞ்சம் கை சரக்கும் சேர்ந்திருக்கலாம். ஆயினும் இரு கிழமைக்காரர்கள் எதிரெதிரே அமர்ந்து கை கழுவும் இக்காட்சி, பல பக்கங்கள் எழுதி விளங்காததை விளக்கிவிடுகிறது.

தம் சோற்றை உண்ட இப்ராஹிமையும் அவர் விடவில்லை. கோல்கொண்டா அகமத்நகரின் பக்கம் சாய்ந்தது என்பதற்காகத் தம்பி வேங்கடாத்திரியை ஏவிப் படையெடுத்து, கோவில்கொண்டா, கணபுரம், பானகல் ஆகிய கோட்டைகளைப் பெற்றுக் கொண்டார். அவை நம் ஊருக்குத் தெற்கே, மகபூப்நகர்ச் சீமையில் உள்ளவை. ராமராயரின் கணக்கில் இப்ராஹிம் தீராத கடன்காரர். இப்ராஹிமின் கணக்கிலோ அந்த மூன்று கோட்டைகளோடு கடன் தீர்ந்துவிட்டது.

இப்படி ஒவ்வொருவராக மனம் கசந்து, ஒருவரையொருவர் நம்பாத நான்கு சுல்தான்களும் ராமராயரிடம் கொண்ட அச்சத்தால் ஒன்று சேர்ந்தனர். ஹுசேனின் மகள் சாந்த்பீபியை அலி ஆதில் ஷாவுக்கு மணம் செய்து, ஷோலாப்பூரைச் சீதனமாகக் கொடுத்தனர். இன்னொரு மகளை இப்ராஹிமுக்குக் கொடுத்தனர். பீதரும் சேர்ந்தது. படைகள் தளிக்கோட்டையில் கூடின. துறையைக் காத்து நின்ற விஜயநகரப் படையை வேறு துறைக்குப் போவதுபோல் போக்குக் காட்டி ஏமாற்றி ஆற்றைக் கடந்தனர். 1565 ஜனவரி 23-ஆம் நாள் போர் மூண்டது.

ராமராயருக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல் என்பர். குதிரையில் இருக்குமாறு மற்றவர்கள் கெஞ்சியும் கேளாமல் பல்லக்கில் அமர்ந்து போரை நடத்தினார். முதலில் வெற்றி அவர் பக்கமே இருந்தது. எதிரிகளின் பீரங்கிகள் செப்புக் காசு மூட்டைகளை நிரப்பிச் சுட்டதில் முன்னணி சிதறிற்று. அவரிடம் சம்பளம் வாங்கிய இரண்டு முஸ்லிம் தளபதிகள் நடுப்போரில் கட்சி மாறினர் என்கிறார் சீஸர் பிரெடரிக். குழப்பத்தில் யானை ஒன்று பாய்ந்து வர, பல்லக்குத் தூக்கிகள் கீழே போட்டுவிட்டு ஓடினர். கிழவர் பிடிபட்டு ஹுசேன் நிஜாம் ஷாவின்முன் கொண்டுவரப்பட்டார். கை கழுவிய விருந்தாளியின் கட்டளைப்படி அங்கேயே தலை வெட்டப்பட்டு ஈட்டியில் ஏற்றப்பட்டது. அதைப் பார்த்த கணமே பெரும்படை கலைந்தது. அரசர் உயிரோடுதான் இருந்தார். ஆனால் அவருக்காக நின்று போரிட ஒருவரும் இல்லை. போரிட்டவர் அனைவரும் ராமராயரின் மனிதர்.

அதே 1565-ஆம் வருஷம் ஜூன் 17-ஆம் நாள் கியோட்டோவில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அஷிகாகா வம்சத்தின் பதின்மூன்றாம் ஷோகன் யோஷிதெரு, பதினோராம் வயதில் பட்டம் பெற்றவர். சவேரியார் போனபோது ஊரில் இல்லாதிருந்தவர் அவரே. 1558-இல் தலைநகருக்குத் திரும்பி, மியோஷி குடும்பத்தாரின் பிடியிலிருந்து பதவியை மெல்ல மெல்ல விடுவிக்க முயன்றார். சக்கரவர்த்திக்குப் பின்னால் ஷோகன் நின்றதுபோல், ஷோகனுக்குப் பின்னால் மியோஷிகள் நின்றனர்! பொம்மை அசையத் தொடங்கியது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அன்று காலை அவர்களும் மத்ஸுநாகா கூட்டத்தாரும் மாளிகையைச் சூழ்ந்தனர். வாள் வித்தையில் தேர்ந்த யோஷிதெரு கையில் வாளுடன் கடைசிவரை நின்று மாண்டார். தாயும் உடன் மாண்டார், மாளிகை எரிந்தது. அவருக்கு வயது இருபத்தொன்பது.

ஐந்தே மாத இடைவெளியில் இரண்டு மரணங்கள். பின்விளைவோ ஒன்றல்ல. ஜப்பானில் சக்கரவர்த்தியின் ஆசனத்தை எவரும் தொடவில்லை. 1568-இல் ஓதா நொபுனாகா, யோஷிதெருவின் தம்பியை ஷோகனாக்கினார். 1573-இல் அவரையே துரத்தினார். 1603-இல் தொக்குகாவா வம்சம் அப்பதவியை எடுத்துக்கொண்டு 1867 வரை வைத்திருந்தது. ஷோகன்கள் வந்தும் போயும் இருக்க, எந்தப் பெயரால் ஆண்டார்களோ அந்தப் பெயர் நிலைத்து நின்றது.

விஜயநகரத்தில் காவலாளிகளே அந்தப் பெயரைத் தேய்த்துவிட்டனர். போர்க்களத்திலிருந்து தப்பிய திருமலர், யானைகளின்மீது பொக்கிஷத்தையும் சதாசிவராயரையும் ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்குச் சென்றார். தலைநகரம் மாதக்கணக்கில் கொள்ளை போயிற்று. சில ஆண்டுகளில் சதாசிவராயரின் உயிரும் போயிற்று. திருமலரின் மகனே காரணம் என்கிறார் சீஸர் பிரெடரிக். பின்னர்த் திருமலர் தம் பெயரிலேயே முடி சூடிக் கொண்டார். அண்ணன் இருபத்திரண்டு வருஷம் செய்யத் துணியாததைத் தம்பி செய்துவிட்டார். மதுரையிலும் தஞ்சையிலும் செஞ்சியிலும் இருந்த நாயக்கர்கள் பார்த்துக் கொண்டிருந்தனர். விஜயநகரத்து அரச வம்சத்துக்கு அவர்கள் கட்டுப்பட்டிருந்தார்கள். காவலாளியின் குடும்பத்துக்கு அவ்வாறு கட்டுப்பட அவர்கள் கடமைப்படவில்லை. ஆரவீடு வம்சம் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே நகர்ந்துகொண்டே போயிற்று. அந்த வம்சத்தின் காலத்தில்தான், 1639-இல், தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து ஆங்கிலேயர் கடற்கரையில் ஒரு மணல் திட்டைப் பெற்றனர். அது சென்னைப்பட்டணமாயிற்று.

கோல்கொண்டாக் கோட்டைக்கு நம்மில் பலர் விருந்தினரை அழைத்துச் செல்வதுண்டு. கைதட்டினால் மேலே கேட்கும் வாசலைக் காட்டிவிட்டு வெயிலுக்கு அஞ்சித் திரும்பிவிடுகிறோம். கோட்டைக்கு அருகிலேயே குத்ப் ஷாஹி மன்னர்களின் சமாதித் தோட்டம் இருக்கிறது. கொலையுண்ட சுல்தான் குலி ஓரிடத்தில்; கொலைக்குக் காரணமான ஜம்ஷீத் இரண்டடுக்கு எண்கோண மண்டபம் ஒன்றில்; ஓடிப்போய் ஏழு வருஷம் பிறர் சோறு உண்டு திரும்பிய இப்ராஹிம் இன்னோரிடத்தில். அடுத்த முறை போகிறவர்கள் அங்கும் அரைமணி நேரம் ஒதுக்கலாம். ராமராயருக்கு இப்படியொரு மண்டபம் எங்கும் இல்லை.